சிங்கப்பூர் கிளம்புமுன் யார் யார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது?

தம்பி ஒருவர் கேட்டது இதுதான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வளர்ந்தவர், சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அம்மா நாற்பது வீட்டுக்கு மேல் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார். ஒரு சனிக்கிழமை எல்லோரையும் ஈப்போவுக்குக் கூப்பிட்டு ஒரு நல்ல சாப்பாடு போட்டுவிட்டால் போதாதா என்று தம்பி நினைக்கிறார். எஸ்டேட் தோட்டத்தில் தனியாக இருக்கும் பாட்டியை என்ன செய்வது, பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா வீட்டுக்குப் போவதா வேண்டாமா, இது இரண்டும் மீதிக் கேள்வி. நானும் சிங்கப்பூரில் நீண்ட காலம் வேலை பார்த்து ஊர் திரும்பியவன், இங்கிருந்து கிளம்பிப் போன பிள்ளைகள் நிறையப் பேரைப் பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாப்பாடு போடுங்கள், நல்லதுதான். ஆனால் அதை உங்கள் வயதுக் கூட்டாளிகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காடியோ மோட்டாரோ எடுத்துக்கொண்டு ஈப்போ வரை வரக்கூடியவர்களுக்கு அது சரி. முழங்கால் வலிக்காரர், ஆஸ்பத்திரியில் இருந்து வந்து படுத்திருப்பவர், பேரப்பிள்ளையை விட்டு நகர முடியாத அத்தை, யாராவது வந்து ஏற்றிக்கொண்டு போனால்தான் தோட்டத்து கேட்டைத் தாண்டும் பாட்டி, இவர்களில் ஒருவர்கூட அந்தச் சாப்பாட்டுக்கு வர மாட்டார்கள். நீங்கள் போய்ப் பார்க்க வேண்டியவர்களோ அவர்கள்தான்.

அதனால் அம்மாவின் பட்டியலை வாங்கி, நெருங்கின உறவு தூரத்து உறவு என்ற வரிசையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் இரண்டே கேள்வி கேட்டுப் பாருங்கள். இவரால் என்னைத் தேடி வர முடியுமா? நான் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது இவர் எப்படி இருப்பார்? இரண்டாவதை அம்மாவிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டாம், மனதுக்குள் கேட்டால் போதும். இரண்டுக்கும் பதில் சங்கடமாக வருகிற வீடுகள் ஏழெட்டுதான் இருக்கும். அந்த வீடுகளுக்கு முதல் வாரத்திலேயே போய்விடுங்கள். கடைசி வாரம் என்று வைத்தால் கண்டிப்பாகத் தட்டிப் போகும், ஏனென்றால் கடைசி வாரம் மெடிக்கல், சட்டை துணி வாங்குவது, வாடகை அறை தேடிப் பேசுவது என்றே கரைந்துவிடும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "பக்கத்தில்தானே சிங்கப்பூர், எப்போது வேண்டுமானாலும் வந்துவிடலாம்" என்றுதான் கிளம்பும்போது எல்லோரும் சொல்கிறோம். சுங்கை சிப்புட்டில் இருந்து ஜொகூர் பாரு 550 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு அப்புறம் சிங்கப்பூருக்குக் கடலைக் கடக்கும் கோஸ்வே பாலம், வெள்ளிக்கிழமை சாயந்திரமும் ஞாயிறு இரவும் அங்கே நிற்கிற வரிசை எத்தனை மணி நேரம் தின்னும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிங்கப்பூர் வேலைச் சட்டப்படி முதல் வருஷத்துக்குக் குறைந்தபட்ச வருடாந்தர விடுப்பு 7 நாள், அதுவும் மூன்று மாதம் வேலை செய்த பிறகுதான். வருஷத்துக்கு ஒரு நாளாகக் கூடி 14 வரை போகும். இறப்புக்கு என்று தனி விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் கிடையாது, அது முதலாளியின் மனசையும் உங்கள் ஒப்பந்தத்தையும் பொறுத்தது. நம் ஊரில் இரவு ஒருவர் தவறினால் பெரும்பாலும் மறுநாள் மதியத்துக்கு மேல் எடுத்துவிடுவோம். ஷிப்டில் இருக்கும்போது போன் வந்து, மேலாளரிடம் சொல்லி, பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி, பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். அப்படி வந்து சேர்ந்தவர்கள் எல்லோரும் பதினாறாம் நாள் காரியத்தில்தான் உட்கார முடிந்தது. ஆகவே ஒப்பந்தத்தைக் கையில் வாங்கும்போதே அந்த விடுப்பைப் பற்றி எழுதியிருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

இப்போது பாட்டி. அவர் அழுவார். இதோ இருக்கிற சிங்கப்பூருக்குப் போவதற்கு ஏன் இவ்வளவு அழுகை என்று உங்களுக்குத் தோன்றலாம். பாட்டியின் இளவயதில் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்தை விட்டுப் போனால் பல நேரம் திரும்பி வரவே இல்லை. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று வந்தபோது, அவர்களுக்குரிய சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை, வைத்திருந்த பல்லாயிரம் பேர் தோட்ட வேலையை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். பினாங்கிலோ கிள்ளான் துறைமுகத்திலோ ராஜூலா கப்பல் ஏறினால் நாகப்பட்டினம். அது நின்ற பிறகு சிதம்பரம் கப்பல் ஓடியது, 1985-இல் அதில் தீப்பிடித்து அதுவும் நின்றுபோனது. அண்ணன் அந்தப் பக்கம், தங்கச்சி இந்தப் பக்கம் என்று பிரிந்த குடும்பம் தோட்டத்து வரிசை வீடுகளான லயம் ஒவ்வொன்றிலும் இருந்தது. கடிதம் வந்தது, பிறகு கடிதமும் நின்றது. "போயிட்டு வரேன் பாட்டி" என்று நீங்கள் சொல்லும்போது பாட்டிக்கு அவர்கள் முகம்தான் முன்னால் வரும். அதனால் "அழாதீங்க, வீடியோ கால் இருக்கு" என்று உடனே அடக்கப் பார்க்காதீர்கள். அழட்டும். கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள், அப்புறம் அந்தக் காலத்தில் யார் யார் கப்பல் ஏறினார்கள் என்று நீங்களே கேளுங்கள். அவரிடம் அதைப் பற்றிக் கேட்க இன்று வேறு யார் இருக்கிறார்கள்?

பாட்டி வீட்டுக்கு ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள், முடிந்தால் இரண்டு தடவை போங்கள். இந்த மூன்று வாரத்துக்குள் அவருக்கு கிளினிக் அப்பாயின்ட்மென்ட் ஏதாவது இருந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு போய் வாருங்கள், அதைவிட நல்ல சந்திப்பு கிடையாது. என்ன மருந்து, எந்த வேளை, அடுத்த தேதி என்ன என்பதெல்லாம் அப்போதுதான் உங்களுக்குத் தெரிய வரும், நீங்கள் போன பிறகு யார் கூட்டிப் போவது என்பதையும் அன்றைக்கே அண்ணனோ தங்கச்சியோ பக்கத்தில் இருக்கும்போது பேசி முடித்துவிடலாம். பழைய போட்டோ எல்லாவற்றையும் எடுத்துப் பரப்பி, பின்னால் பென்சிலால் பெயர் எழுதி வையுங்கள். இந்தியாவில் எந்தக் கிராமம், முதலில் வந்து இறங்கிய தோட்டம் எது, எல்பிலா கமுனிங்கா டோவன்பியா, அந்தத் தோட்டத்தில் வேலையை மேற்பார்த்த தண்டல் யார், கணக்கு எழுதிய கிராணி யார், எத்தனை மரம் பால் வெட்டினார்கள், காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவார்கள் என்று கேட்டு, போனில் ரெகார்ட் செய்துகொள்ளுங்கள். பேச ஆரம்பித்துவிட்டால் அவர் அழுகையும் நின்றுவிடும்.

கூடவே பெட்டியில் இருக்கும் காகிதங்களையும் ஒரு பார்வை பாருங்கள். பிறப்புப் பத்திரம், ஐசி, தாத்தாவின் இறப்புப் பத்திரம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். சில வீடுகளில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம் மடித்த மடிப்பிலேயே கிடக்கும். வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற நேரத்தில், தொழிலாளர்களே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கட்டும் என்று அப்போது அமைச்சராக இருந்த நம் ஊர்க்காரர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. பங்கு தாத்தா பெயரிலேயே இருக்கிறதா, வாரிசு பெயர் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் யாராவது பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். உங்கள் சொந்த சேமநிதிக்கும் வாரிசு பெயர் போடாமல் இருந்தால் கிளம்புமுன் போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம், பாட்டி பக்கத்து வீட்டுக்காரரின் நம்பர். பாட்டியின் போன் சார்ஜ் இல்லாமல் கிடக்கும், மழையடித்தால் லைன் போகும். பக்கத்து வீட்டு அண்ணனோ அக்காவோ ஒருவரிடம் நேரில் போய், "நான் சிங்கப்பூர் போறேன், பாட்டிக்கு ஏதாவது என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று கேட்டு, அவர் நம்பரை வாங்கி, உங்கள் நம்பரைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டிவிட்டு வாருங்கள். ஊரை விட்டுப் போகிறவன் ஒவ்வொரு வீட்டிலும் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் நினைக்கிறேன். சொல்லிக்கொண்டு போவது பாதிதான். எனக்கு யார் சொல்வார்கள், நான் யாரைக் கூப்பிடுவேன் என்பதை முடிச்சுப் போட்டுவிட்டுப் போவது மீதிப் பாதி. அம்மாவே உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லமாட்டார், தூரத்தில் இருக்கிற பிள்ளை கவலைப்படுவான் என்று மறைப்பார். மறைக்காமல் சொல்லக்கூடிய ஒருவர், சித்தியோ மாமாவோ, உங்களுக்கு வேண்டும்.

எந்த நேரத்தில் போவது என்பதையும் யோசியுங்கள். இன்னும் பால் வெட்டுக்குப் போகிறவர்களும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்களும் விடிவதற்கு முன்னாலேயே எழுந்தவர்கள், மதியம் வந்து குளித்துச் சாப்பிட்டுக் கொஞ்சம் படுப்பார்கள். ஐந்து மணிக்கு மேல் போவது நல்லது, எட்டரைக்குள் கிளம்பிவிடுங்கள். தோட்டத்துக்குள் போகிறீர்கள் என்றால் கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவிடம் யார் வீட்டுக்கு என்று சொல்லிப் பெயர் எழுத வேண்டியிருக்கும், ஐசியைக் கையில் வைத்திருங்கள். ஒரு சாயந்திரத்துக்கு இரண்டு வீடு, மூன்றாவது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் பசியாறச் சொல்வார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள், எல்லா இடத்திலும் சாப்பிட்டால் உங்கள் வயிறு தாங்காது. முதல் நாளே போன் செய்து, "அத்தை, ஆறு மணிக்கு வரேன், கோப்பி மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கும் அடுப்படி வேலை மிச்சம். ஒரு வீட்டில் மட்டும் சாப்பிடுவேன் என்று முடிவு செய்து அதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது, சரி. ஆனால் பலகாரமும் கேக்கும் வேண்டாம். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்த நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருப்பது தெரிந்தது, நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம். நீங்கள் போகப்போகும் வீட்டில் பாதி வீட்டில் அந்த மாத்திரைதான் மேசைமேல் இருக்கும். இனிப்பைக் கொடுத்தால் வாங்கி வைத்து, பேரன் கொடுத்தது என்று தின்றும் விடுவார்கள். பழம் கொஞ்சம், வெற்றிலை போடுகிறவர் என்றால் வெற்றிலை பாக்கு, பாட்டிக்கு ஒரு பாத்தேக் கைலி, தாத்தாவுக்கு ஒரு நல்ல துவாலை, போதும். பெரியவர்கள் திருநீறு பூசி கையில் பத்து வெள்ளியோ இருபது வெள்ளியோ திணிப்பார்கள். "உங்களுக்கே செலவு இருக்கும், வேண்டாம் பாட்டி" என்று திருப்பிக் கொடுக்காதீர்கள். அது அவர்கள் உங்களுக்குச் செய்கிற முறை, குனிந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்று இருந்தால் முதல் சம்பளத்தில் செய்யலாம்.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். போங்கள் என்றுதான் சொல்வேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், சண்டையில் ஒரு பக்கத்தில் நின்ற எவரையும் கூட்டிப் போகாதீர்கள். தனியாக, காலை வேளையில், பதினைந்து நிமிஷம். பெரியம்மாவுக்கு மட்டும் முதல் நாள் ஒரு போன். உள்ளே போனதும் காலில் விழுந்து, "பெரியப்பா, சிங்கப்பூரில் வேலை கிடைச்சிருக்கு, உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொன்னால் போதும். நில விஷயமோ, கல்யாணத்தில் யார் யாரைக் கூப்பிடவில்லை என்ற விஷயமோ அவரே எடுத்தாலும் நீங்கள் தீர்ப்புச் சொல்லப் போகவில்லை. "பெரியவங்க நீங்க பேசிக்குங்க, நான் உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்" என்று விட்டுவிடுங்கள். அவர் முகம் கொடுக்காமலும் இருக்கலாம், அறையை விட்டு வெளியே வராமலே இருக்கலாம். பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, கொண்டு போன பழத்தை சாமி மேடையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், போனதே போதும். நாளைக்கு உங்கள் அப்பா அம்மாவுக்கு அவசரம் என்று வந்தால் ஐந்து நிமிஷத்தில் ஓடி வரக்கூடிய தூரத்தில் இருக்கிற ஆண் துணை அவர்தான், நீங்களோ கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பீர்கள். அம்மாவுக்கு இது பிடிக்காமல் போகலாம். ஒளித்துச் செய்ய வேண்டாம், போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டே போங்கள்.

கூட்டாளிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் இருந்து கூட வந்தவர்கள், திடலில் கூடப் பந்து விளையாடினவர்கள், அவர்களுக்கு அந்த ஈப்போ சாப்பாடு. ஆனால் அதற்கும் வராத ஒருவன் இருப்பான். வேலை போனவனாக இருக்கலாம், கையில் காசில்லாதவனாக இருக்கலாம், தான் இன்னும் இங்கேயே இருக்கிறோமே என்று கூசுகிறவனாக இருக்கலாம். அவனை மட்டும் தனியாக, பக்கத்து மாமாக் கடையில் ஒரு தே தாரிக்குக்குக் கூப்பிடுங்கள். சிங்கப்பூர்ச் சம்பளத்தைப் பெருக்கி மலேசிய வெள்ளிக் கணக்குச் சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள், அங்கே வாடகையும் சாப்பாடும் அந்தக் காசில்தான். "உனக்கும் ஒரு வேலை பார்க்கிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அவன் அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பான். பார்க்க முடிந்தால் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். அதேபோல உங்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒருவர், மகாத்மா காந்தி கலாசாலையோ வேறு பள்ளியோ, பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று சொல்லிவிட்டு வாருங்கள். பத்து நிமிஷம்தான் ஆகும், அவர் மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் சொல்வார்.

நாற்பது வீட்டில் மீதி முப்பது வீடு இருக்கிறதே என்றால், எல்லாவற்றுக்கும் போக வேண்டியதில்லை, போகவும் முடியாது. தோட்டத்துக் கோவில் திருவிழா எப்போது என்று கேளுங்கள். லயத்தை இடித்துவிட்டார்கள், பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது, ஆட்கள் எல்லாம் பட்டணத்து வீடமைப்புத் தாமான்களுக்கும் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிதறிவிட்டார்கள், ஆனால் மாரியம்மன் கோவில் நிற்கிற தோட்டத்துக்குத் திருவிழாவுக்கு மட்டும் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். ஒரே நாளில் முப்பது குடும்பத்தையும் அங்கே பார்த்துவிடலாம். நீங்கள் கிளம்புமுன் திருவிழா வந்தால் அதிர்ஷ்டம். வராவிட்டால் தேதியைக் கோவில் தலைவரிடம் கேட்டு எழுதிக்கொண்டு, அந்த 7 நாள் விடுப்பில் ஒரு நாளை இப்போதே அதற்கு ஒதுக்குங்கள். தைப்பூசத்துக்கும் அப்படித்தான். பேராக்கில் அன்றைக்குப் பொது விடுமுறை, சிங்கப்பூரில் 1968-இலேயே தைப்பூசத்தைப் பொது விடுமுறைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். தீபாவளி இரண்டு பக்கமும் விடுமுறை, ஆனால் பஸ் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், தேதி தெரிந்த உடனே வாங்குங்கள். இந்தக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்தால், "மாசா மாசம் வந்திடுவேன்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வரக்கூடாது என்பது உங்களுக்கே தெரியும். "தீபாவளிக்கு வரேன்" என்று ஒரே ஒரு தேதியைச் சொல்லுங்கள், அதைக் காப்பாற்றுங்கள்.

சாவு விழுந்து காரியம் முடியாத வீடு பட்டியலில் இருந்தால் அதைத் தவிர்க்க வேண்டாம். நல்ல காரியத்துக்குப் போகிறவன் அங்கே போகலாமா என்று யாராவது தடுப்பார்கள். போய் உட்கார்ந்துவிட்டு, வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். உங்கள் வேலையைப் பற்றி அங்கே பேச வேண்டாம், அவ்வளவுதான்.

கிளம்பும் நாளுக்கு முந்தின இரண்டு நாள் யார் வீட்டுக்கும் போகாதீர்கள், அது அப்பா அம்மாவுக்கு. கிளம்பும் நேரத்தை ராகு காலம் பார்த்துத்தான் குறிப்பார்கள், வாதாட வேண்டாம். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள். 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்பத்தில் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளினார்கள், நமக்குச் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் உதிக்கிறது. தமிழ்நாட்டு நாள்காட்டியில் போட்டிருக்கிற ராகு கால நேரம் இங்கே அப்படியே பொருந்தாது, நம் ஊர் நாள்காட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையத்தில் இருந்து இரவு பஸ் என்றால் வீட்டில் இருந்து நல்ல நேரத்தில் வெளியே இறங்கி, கோவிலில் தேங்காய் உடைத்துவிட்டு, சித்தி வீட்டில் கொஞ்சம் உட்கார்ந்து பிறகு பஸ்ஸுக்குப் போகலாம், பல குடும்பங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

போக முடியாமல் விட்டுப்போன வீடுகளுக்கு அந்த இடைவெளியில் போன் போடுங்கள். வாட்சாப்பில் எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பாமல் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு இரண்டு நிமிஷம் பேசுங்கள். ஒன்பது மணிக்குள் பேசி முடித்துவிடுங்கள், தோட்டத்து ஆட்கள் சீக்கிரம் படுத்துவிடுவார்கள்.